முந்தி அடித்த மணி

எடுத்துக்கோங்கம்மா, கடையில் வாங்கினது இல்லை. பெங்களூரில் என் மகள் வீட்டு அடுப்பில் நானே நின்று சுட்ட முறுக்கு. அவள் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. டப்பாவை மூடி என் பையில் வைத்து, "ஊருக்குக் கொண்டுபோங்கம்மா" என்றாள். முறுக்கையும் என்னையும் ஒரே ரயிலில் ஏற்றிவிட்டாள்.

கோபமா? எனக்கா? எனக்குக் கோபமே வராதும்மா. எங்கள் பாளையங்கோட்டைச் சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பியூலா அக்கா வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை என்று சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனால் அந்த ரூபனை மட்டும் இப்போது இந்த ரயில் பெட்டியில் நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள் என்றால், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், இந்த டப்பாவாலேயே ஒன்று போடுவேன்.

யாரா? என் மகள் கெசியாவுக்கு ஆபீசில் மேலே இருக்கிறவன். அவனால்தான் என் பிள்ளைக்கு வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று இன்றைக்குச் சொல்லப்போகிறார்கள். மூன்று மணிக்கு மீட்டிங். அதனால்தான் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறேன். "முடிஞ்சதும் நானே கூப்பிடுதேம்மா, அதுவரைக்கும் யாருட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று ஸ்டேஷனில் வைத்துச் சொன்னாள். நான் யாரிடம்மா சொல்லப்போகிறேன்? நான் உண்டு, என் ஜெபம் உண்டு என்று இருக்கிறவள்.

முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் படித்தது பத்தாவது. எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?

இந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தகவல் போகிறதே, அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்புவார்களாம். ஒரு பெரிய டெலிபோன் கம்பெனி ஊரெல்லாம் கம்பி இழுத்து, பெட்டி வைத்து, அப்புறம் சரியாக வரவில்லை என்றால் என்ன ஆகும்? அதனால் முன்னாலேயே அந்த நெட்வொர்க் முழுவதையும் ஒரு கம்ப்யூட்டருக்குள் பொய்யாக நடத்திப் பார்ப்பார்களாம். பொய்ப் பெட்டி, பொய்க் கம்பி, ஆனால் ஓடுகிற பொட்டலம் நிஜம். அந்தப் பொய் நெட்வொர்க்கை எழுதுகிற கம்பெனியில்தான் கெசியா இருக்கிறாள். எழுதி வைத்தவன் ரூபன். வருஷக்கணக்காக நன்றாகத்தான் ஓடியது. அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது புது வகை பிராசஸர் வந்திருக்கிறதாம். செல்போனில் இருக்கிற வகை, கரண்ட் கம்மியாகத் தின்னும். டெலிபோன் கம்பெனிக்காரர்கள் அந்த வகையில் பெரிய மெஷினாக வாங்கிவிட்டார்கள். உங்கள் புரோகிராமை இதில் ஓடவையுங்கள் என்று கேட்டார்கள். அந்த வேலையை என் மகள் தலையில் கட்டினான் ரூபன். இவளும் மாற்றினாள். ஓடியது. ஆனால் எப்போதாவது ஒரு தரம், ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே வேறு பொட்டலத்துச் சரக்கு இருக்கும். பழைய மெஷினில் இப்படி ஒரு தடவைகூட வந்ததில்லை.

ரூபன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் எழுதினது இத்தனை வருஷம் ஓடிருக்கு. நீ தொட்ட பிறகுதான் கெட்டுது."

தொட்டாளாம், கெட்டதாம். என் பிள்ளை என்ன தயிர்ப்பானையிலா கையை விட்டாள்?

"சார், புது மெஷின்ல ஒருவாட்டி நீங்களே ஓட்டிப் பாருங்க"ன்னு கேட்டிருக்கிறாள். அவன் பார்த்தானாம். எப்படிப் பார்த்தான் என்று கேளுங்கள். புது மெஷின் மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராம் உண்டாம். அதைத் தன்னுடைய பழைய மெஷினுக்குள் ஓடவிட்டு, அதற்குள் இதை ஓட்டி, "எனக்குச் சரியா ஓடுதே" என்று சொல்லிவிட்டான். நடிக்கிறது புதுசுதான், ஆனால் அடியில் கிடக்கிறது பழசல்லவா? பழசின் குணம்தானே வரும்? காய்ச்சல்காரியை விட்டுவிட்டு, அவளைப் போல முனகிக்காட்டுகிறவள் கையைப் பிடித்துப் பார்த்தால் சூடு தெரியுமா? நிஜ மெஷின் இரண்டு அறை தள்ளி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் வலிக்கிறது அவனுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்குச் சரியாகத் தெரிந்தால் ஊருக்கே சரி என்று நினைக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காதும்மா.

நான் அங்கே போய் இறங்கினபோது பிள்ளை பாதியாகக் கிடந்தாள். அந்தப் பிழை அப்படிப்பட்ட பிழை. எங்கே நடக்கிறது என்று பார்க்க நடுவில் நாலு வரி எழுதி வைத்தால் வரவே வராதாம். எடுத்துவிட்டால் வருமாம். எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பெஞ்சு மேலே ஆட்டம். நான் என்ன செய்ய முடியும்? சமைத்தேன், ஜெபித்தேன். எங்கள் சபை ஜெபக்குழுவில் விண்ணப்பம் போட்டேன். வாட்ஸ்அப் குழுதான். எங்கள் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள், கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், பிள்ளைகளோடு போய்விட்டவர்கள் எல்லாரும். "என் மகள் அலுவலகத்தில் கண்டுபிடிக்க முடியாத பிழை, எல்லாரும் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று போட்டேன். எத்தனை பேர் ஜெபித்தார்கள்! நல்ல சனங்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கெசியா அறைக்குள்ளிருந்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மீன் நாற்றம் அவளுக்கு ஆகவே ஆகாது, அன்றைக்கு அதையும் பார்க்கவில்லை.

"அம்மா, பிடிச்சிட்டேம்மா!"

"ஏட்டி, என்னத்தடி பிடிச்ச? எனக்கும் விளங்கும்படி சொல்லு. ஜெபத்துல குறிச்சுச் சொல்லணும்லா."

"ஏன், கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?"

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்."

சிரித்தாள். நான் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். சிங்க் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சொன்னாள். "நம்ம கோயில்குட்டி மாமா மணி அடிப்பாங்கல்லா?" என்றாள். கோயில் என்றால் எங்களுக்கு சர்ச். அங்கே மணி அடித்து, கதவு திறந்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரை நாங்கள் கோயில்குட்டி என்போம். "பாதிரியார் ஐயா வந்து பீடத்துல நின்ன பெறவுதான் அவங்க கடைசி மணி அடிப்பாங்க. மணி கேட்டா ஐயா நிக்காங்கன்னு அர்த்தம். சரியா? இங்கயும் அப்படித்தான். ஒருத்தர் பொட்டலத்தை வைக்கணும், வச்ச பெறவு மணி அடிக்கணும், மணி கேட்டு அடுத்தவர் எடுக்கணும். பழைய பிராசஸர்ல அந்த வரிசை தானாவே வந்துரும். புதுசு அப்படி இல்லம்மா. அதுக்கு வேகம்தான் முக்கியம். எந்த வேலை முதல்ல தோதுப்படுதோ அதை முடிச்சிரும். ஐயா வெளிய இன்னும் செருப்பைக் கழட்டிக்கிட்டு இருப்பாங்க, இங்க மணி அடிச்சிரும். சனங்க நிமிர்ந்து பார்த்தா பீடத்துல போன வாரம் வந்த ஐயா நிப்பாங்க."

"போன வாரத்து ஐயா எப்படிட்டி நிப்பாங்க?"

"அதாம்மா கோளாறே! புதுப் பொட்டலம் வரதுக்குள்ள, அங்க முன்ன கிடந்த பழைய சரக்கை எடுத்துருது."

ஐயா நிற்கிறவரைக்கும் மணிக்கயிற்றைத் தொடாதே என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். அதை எழுதவில்லை ரூபன். பழைய மெஷினில் அது தேவைப்படவில்லை.

"அப்போ தப்பு அவன்மேலதான!" என்றேன்.

"தப்புன்னு இல்லம்மா. அவரு எழுதுறப்போ இந்த மெஷினே இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதிருப்பாங்க" என்றாள். பாருங்கள், அவனுக்காகப் பேசுகிறாள். அப்படிப்பட்ட பிள்ளை. அப்புறம் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா இன்னும் முடியலம்மா. அந்த வரியைச் சேர்த்து நாளைக்கு வரை நிஜ மெஷின்ல ஓடவிட்டிருக்கேன். தாங்கிட்டா திங்கக்கிழமை எல்லார் முன்னாலயும் காட்டுவேன். அதுக்கு முன்ன யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. கர்த்தருக்குச் சாட்சியாகச் சொல்லுகிறேன், ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. குழுவில் ஸ்தோத்திரம் மட்டும் போட்டேன்.

நீங்கள் வேறு சபையோ என்னவோ, அதனால் சொல்லுகிறேன். விண்ணப்பம் போட்டால் ஸ்தோத்திரமும் போட வேண்டும். அத்தனை பேர் முழங்காலில் நிற்கிறார்கள், பதில் வந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம். அதுவும் எங்கள் குழுவில் ஹெப்சி அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். இப்போது சென்னையில் மகளோடு... இல்லை, மகன் வீட்டில் இருக்கிறாள். மகள் பெங்களூரில். எதற்கெடுத்தாலும் முதல் ஆளாக ஸ்தோத்திரம் போடுவாள். "எங்க மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் பெரிய பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்தோத்திரம். எங்க மாப்பிள்ளை புது கார் எடுத்திருக்கிறார், ஸ்தோத்திரம்." நாங்கள் எல்லாரும் ஆமென் போட வேண்டும். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாளே என்று... பொறாமை இல்லைம்மா, எனக்கு அதெல்லாம் கிடையாது. கர்த்தருடைய நாமம் மகிமைப்பட வேண்டும் என்றுதான்.

நன்றாகவே எழுதினேன். பிழையை என் மகள் கண்டுபிடித்து முடித்துவிட்டாள் என்று எழுதினேன். பெண்களுக்கு விளங்க வேண்டுமே என்று கோயில்குட்டி, மணி, போன வாரத்து ஐயா எல்லாம் எழுதினேன். டெலிபோன் கம்பெனி பெயரையும் போட்டேன், அது பெரிய கம்பெனி, தெரியட்டுமே. "தன் தவறை மறைத்து என் மகள்மேல் பழி போட்ட ரூபன் என்கிற மேலதிகாரியின் கண்களைக் கர்த்தர் திறப்பாராக" என்று முடித்தேன். எத்தனை ஆமென்! கையெடுத்துக் கும்பிடுகிற படம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஹெப்சி அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை. எரிச்சல் என்று நினைத்தேன்.

இப்போது சொல்லுங்கள். மாமியார் ஆகிறவள் மருமகன் பெயரைச் சொல்லமாட்டாள், மாப்பிள்ளை என்றுதான் சொல்லுவாள். எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை வருஷமாக ஹெப்சி அக்காவின் மாப்பிள்ளைக்கு நாங்கள் ஆமென் போட்டிருக்கிறோம். அவர் பெயர் ரூபன் என்று ஒரு தடவையாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் நான் பார்த்து எழுதியிருக்கமாட்டேனா? இது யாருடைய தப்பு? என்னுடையதா, அவளுடையதா?

நான் போட்டதை அப்படியே மருமகனுக்கு, அதே ரூபனுக்கு, அனுப்பிவிட்டாள். ஜெபக்குழுவில் வருவதை வெளியே அனுப்புவாளா ஒருத்தி? அதுவா விசுவாசம்?

திங்கட்கிழமை மீட்டிங்கில் கெசியா வாயைத் திறக்கும் முன்னால் ரூபன் எழுந்து, "பிரச்சினை என்னன்னு நான் பார்த்துட்டேன்" என்று ஆரம்பித்தானாம். என்ன சொல்லி விளக்கினான் தெரியுமா? மணி! கன்னடக்காரரும் டில்லிக்காரரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில், கோயில்குட்டி என்று தமிழிலேயே சொல்லி, போன வாரத்து ஐயாவரை விடாமல் சொன்னானாம். எல்லாரும் ஆகா என்றார்களாம். அது எங்கள் சபையில் அடிக்கிற மணிம்மா! அவன் எந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் அந்த மணியைக் கேட்டான்?

அத்தோடு விட்டானா? கெசியா எழுந்து, "சார், அது பாதிதான்" என்றிருக்கிறாள். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையே அவள் ஓடவிட்டது நடுவில் மறுபடி தப்பாகிவிட்டதாம். மணி அடிக்கிறவர் காத்திருந்தால் மட்டும் போதாதாம். கேட்கிற சனமும் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். சனங்கள் மணிக்கு முன்னாலேயே பீடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்து வைத்துக்கொள்கிறார்களாம். பிறகு மணி கேட்டதும், மறுபடி பார்க்காமல், முதலில் பார்த்ததையே நம்பி அப்படியே பாட ஆரம்பித்துவிடுகிறார்களாம். அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். மணி கேட்ட பிறகு பார், முன்னால் பார்த்ததை வைத்துக்கொள்ளாதே என்று. இதை ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் சொன்னாளாம். "முடியலம்மா, இன்னொரு பாதி இருக்கு"ன்னு. நான் அப்போது கோயிலிலிருந்து வந்து, வந்த ஆமென்களுக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ம், ம் என்று சொல்லியிருப்பேன். முடித்துவிட்டாள் என்றுதானே எனக்கு மனசில் இருந்தது?

ரூபன் கேட்கவில்லை. "ஓடுதுல்ல? போதும்" என்று பாதியையே டெலிபோன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். அங்கே பெரிய ஆட்கள் சுற்றி நின்று பார்க்கும்போது பொட்டலத்துக்குள் வேறு சரக்கு. அசிங்கமாகிவிட்டது. உடனே இவன் என்ன செய்தான்? "இது நான் கண்டுபிடிச்சதே இல்ல, கெசியா சொன்னது. பாருங்க, முடிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கா" என்று என்னுடைய ஸ்தோத்திரத்தை எடுத்து மேலதிகாரிகளுக்குக் காட்டிவிட்டான். ஆபீஸ் விஷயம், வாடிக்கையாளர் பெயர், எல்லாம் வெளியே போய்விட்டது என்று அதற்கு ஒரு விசாரணை. வெளியேவாம்! ஜெபக்குழு எப்படியம்மா வெளியாகும்?

என் மகள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எங்க அம்மா ஜெபத்துக்காகப் போட்டாங்க, இதுல என்ன தப்பு" என்று நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? "என் வீட்டிலிருந்துதான் போச்சு. பொறுப்பு என்னோடது." அவ்வளவுதான். என் பெயரையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் போய்ப் பேசியிருப்பேனே! நான் போகிறேன் என்று புடவைகூட மாற்றினேன். கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அம்மா, நீங்க ஊருக்குப் போங்க."

"ஏட்டி, உன்னை இந்த நிலைமையில விட்டுட்டா?"

"போங்கம்மா. நீங்க மணி அடிச்சிட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் எந்த மணியை அடித்தேன்? அந்தக் கயிற்றைத் தொட்டதுகூடக் கிடையாது நான். அலுப்பில் ஏதோ சொல்லுகிறாள் என்று விட்டுவிட்டேன். மஸ்கட்டிலிருந்து என் மகன் ஆசீர் கூப்பிட்டு, "அம்மா, கொஞ்ச நாளைக்கு போனைக் கீழ வைங்க" என்கிறான். எல்லாருக்கும் நான்தான் கிடைத்தேன். அந்த ரூபனை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹெப்சி அக்காவை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குழுவில் இன்னும் இருக்கிறாள். இன்று காலையிலும் ஒரு பூப்படம் போட்டிருக்கிறாள்.

சேலம் தாண்டிவிட்டதா? நாலாகப்போகிறதே. இன்னுமா மீட்டிங்?

இரண்டாவது பாதியையும் எழுதி முடித்துவிட்டாளம்மா. நிஜ மெஷினில் வியாழக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு பொட்டலம்கூட மாறவில்லை. அது வேண்டுமென்றால் அவள் வேண்டும். அதனால் அவளை வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பேச்சு வெளியே போனது பெரிது என்றால் அனுப்பிவிடவும் செய்யலாம். இரண்டில் ஒன்று. நான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உபவாசம். நீங்கள் சாப்பிடுங்கள், நீங்கள் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்?

இங்கே பாருங்கள், உங்களுக்குக் காட்டுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு காலையிலேயே எழுதி வைத்துவிட்டேன். "என் மகளுக்குக் கர்த்தர் ஜெயம் கொடுத்தார். அவள் வேலை அவளுக்கே நிலைத்தது. சத்துருக்கள் வெட்கப்பட்டுப்போனார்கள். ஸ்தோத்திரம்." எப்படி? இந்தத் தடவை பெயர் போடவில்லை, கம்பெனி பெயரும் போடவில்லை. நானும் கற்றுக்கொண்டுதானே வருகிறேன்? கிடைத்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும். கிடைக்கும் முன்னே சொன்னால்தான் விசுவாசம். நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஹெப்சி அக்கா இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பட்டும், நன்றாக அனுப்பட்டும்.

ஐயோ, அடிக்கிறது! கெசியாதான். பாருங்கள், அவள் படம்தான் வருகிறது.

என்னம்மா? எடுக்கத்தான் போகிறேன். ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? அவள் எங்கே போய்விடப்போகிறாள், அடிக்கட்டும். ஒரே ஒரு தட்டுத்தான். இருங்கள், இதை அனுப்பிவிட்டு எடுக்கிறேன்.